ஆறரை இஞ்சு வாசல்

செம்மண் ரோட்டில் டயரெல்லாம் குங்குமம் அப்பினாற்போலச் சிவந்து, முன்னால் போகிற வண்டி பின்னால் வருகிறவனுக்குத் தெரியாத அளவுக்குப் புழுதி கிளம்பி, அப்படியே அரை நாள் போனால் கபங்கா என்கிற ஊர் வரும். மலாவி தேசத்தில் அது மாதிரி ஊர் எத்தனையோ இருக்கும், ஆனால் பூமிக்குள்ளே ஒரு புள்ளை குடியேறின முதல் ஊர் அதுதான், அதுவும் நம்ம பக்கத்துப் புள்ளை, திருச்செங்கோட்டுக்குத் தெற்கே பிறந்து, மூன்று வயதுகூட நிரம்பாமல் போன புள்ளை.

அவன் பேர் தீரன். அவனுடைய அம்மா பாவாயி, அப்பன் அர்த்தனாரி. அர்த்தனாரிக்கு ஆழ்குழாய் போடுகிற ரிக் வண்டிதான் தொழில். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டுக்குள்ளே நடப்பான், நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து குத்த வைத்து நிற்கும், அங்கே எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் கொளுத்தி, ஆறரை இஞ்சு குழி போடுவான். ஊருக்கெல்லாம் தண்ணி காட்டினவனுக்குச் சொந்தக் காட்டில் தேங்காய் பொய் சொல்லிவிட்டது, எவ்வளவு ஆழம் போயும் வெறும் புகைதான். மறுநாள் வேறொரு தோட்டத்தில் வேலை காத்திருந்தது, அதற்கு, மண் சரியாமல் குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப்பு பத்தவில்லை, நம்ம காட்டுக் குழியில் இறக்கின பைப்பு சும்மாதானே நிற்கிறது என்று அதை உருவி எடுத்துக்கொண்டு, குழி வாய்மேல் ஒரு சாக்கை விரித்து, சாக்கின் நாலு ஓரத்திலும் கல்லை வைத்துவிட்டுப் போனான். வந்து மூடிக்கொள்ளலாம் என்றுதான் போனான், அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். சாக்கு மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து இற்றுப்போனது. அதன்மேல் தீரன் கால் வைத்தான்.

எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பைப்பு இல்லாத குழியில் மண் சரிந்து சரிந்து அவனைக் கீழே கீழே கொண்டுபோனது, கூப்பிடுகிற சத்தம் கிணற்றுத் தவளைச் சத்தமாகி, வண்டுச் சத்தமாகி, பிறகு இல்லாமலே போனது. கடைசியில் புள்ளையை உள்ளே விட்டு மண்ணைப் போட்டு மூடினார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அர்த்தனாரியை முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை, வேலைக்குத்தான் கூப்பிடவில்லை. ஆப்பிரிக்காவில் நாலு ரிக் வண்டி ஓட்டுகிற முதலாளி ஒருத்தர், அங்கே வந்துவிடப்பா, அந்த ஊரில் உன்னை யாருக்கும் தெரியாது என்றார். பொண்டாட்டியையும் மூத்தவள் யாழ்மொழியையும் கூட்டிக்கொண்டு அர்த்தனாரி மலாவி வந்து சேர்ந்தான்.

வந்த தேசம் பொல்லாத தேசமில்லை. டவுனுக்குள் தகரக் கேட்டு வைத்த ஒரு வீடு, முன்பக்கம் ரிக் வண்டி நிறுத்த இடம், பின்பக்கம் அடுப்படி. அங்கத்து ஜனங்கள் தின்கிற மக்காச்சோளக் களி நம்ம களிக்கு அண்ணன் தம்பி மாதிரிதான், வெள்ளையாக இருக்கும், அவ்வளவே. பாவாயி சந்தையில் தக்காளிக் குவியலைக் கையால் காட்டிப் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். யாழ்மொழி பள்ளிக்கூடம் போய் அந்த ஊர்ப் பாஷையைக் கரைத்துக் குடித்துவிட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர. பாவாயி நிமிர்ந்து நடக்கமாட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பாள், ரோட்டோரத்தில் சாக்கடை மூடி உடைந்திருந்தால் கல்லைத் தூக்கி வந்து போடுவாள், எலி வளையைக் கண்டால்கூடக் காலால் மண்ணைத் தள்ளி மூடுவாள். அர்த்தனாரியும் மாறிப்போயிருந்தான். தண்ணி வராத குழி ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, தகட்டின்மேல் ஏறி நின்று குதித்துப் பார்ப்பான். மற்ற வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். அவன் குதிப்பான்.

அப்படி இருக்கையில்தான் வண்டியில் சமைக்கிற ஆள் மலேரியா வந்து படுத்துவிட்டான். யாழ்மொழியைப் பக்கத்து வீட்டுக் குஜராத்தியம்மாளிடம் விட்டுவிட்டு, பாவாயி அரிசி பருப்போடு வண்டியேறிக் கபங்காவுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் யொஹானே பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தான். யொஹானே மலாவிக்காரன், கறுகறுவென்று ஆறடி ஆள், பத்து வருஷமாக நம்ம ஆட்களோடு துளைக்கிற ராடு மாட்டி ராடு கழற்றி, கொங்குத் தமிழைக் கெட்ட வார்த்தையோடு சேர்த்துக் கற்றவன்.

"ஏனுங்கக்கா, ரசம் வெப்பீங்களா? அந்தாளு வெச்ச ரசத்தக் குடிச்சுக் குடிச்சு எங்கொடலே அந்துபோச்சுங்க."

"வெக்கறேன் யொஹானே. மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டு."

கபங்காவில் அர்த்தனாரி தேங்காயோடு நடந்தான், ஊர்ப் புள்ளைகள் பின்னால் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். ஒரு மாமரத்துக்கு அந்தப்பக்கம் தேங்காய் எழுந்து நின்றது. அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை, குத்துக்கல் மாதிரி நின்றது, கையைத் திருப்பினாலும் சாயவில்லை. சூடம் கொளுத்திக் குழி போட்டார்கள். புகை, புகை, வெள்ளைப் புகை, மாமர இலையெல்லாம் மாவு பூசின மாதிரி ஆகிறவரைக்கும் புகை. ஈரம் தட்டவே இல்லை. முந்நூறு அடி தாண்டினதும் அர்த்தனாரி கையை ஆட்டினான், ராடுகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார்கள், கம்ப்ரஸரை அணைத்தார்கள். அந்த இரைச்சல் நின்ற பிறகு வருகிற நிசப்தம் இருக்கிறதே, காதில் பஞ்சு அடைத்த மாதிரி, அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா."

அந்த ஊர்ப் பாஷையிலும் அம்மாவை அமாயி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தன் தன் புள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள், புள்ளைகள் எல்லாம் மேலேதான் இருந்தன. யொஹானே குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பண்டை நின்ற பாவாயியிடம் வந்து, தபால்காரன் வந்திருக்கிறான் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்:

"அக்கா, தம்பி கூப்புடறானுங்க."

பாவாயி பருப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். நடந்துதான் போனாள், ஓடவில்லை. குழி வாயில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். உள்ளேயிருந்து ஊர்க் காட்டு மண் வாசம் வந்தது, அந்த ஊர் மண் இல்லை, நம்ம ஊர்ச் சுண்ணாம்புக் கல் மண்.

"சாமி?"

"எங்கம்மா போன? எவ்வளவு நேரமாக் கூப்புடறேன்!"

"இங்கதான் சாமி இருக்கறேன். பசிக்குதா?"

"பசிக்கல. இருட்டா இருக்குது. அக்கா எங்க?"

"அக்கா பள்ளிக்கோடம் போயிருக்கறா."

"பொய். அக்காளும் நானும் இப்பத்தான வெளயாண்டுட்டு இருந்தோம்."

அர்த்தனாரி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவன், பொழுது சாய்கிறவரைக்கும் எழவில்லை.

ஊருக்குத் தலைவி ஒரு பெண்பிள்ளை, நாபண்டா என்று பேர், நாற்பது வயசு இருக்கும், தோளில் மண்வெட்டியும் இடுப்பில் ஒரு புள்ளையுமாக எப்போதும் வேகமாக நடக்கிறவள். அவள் வந்து குழியைப் பார்த்தாள், படுத்துக்கிடந்த பாவாயியைப் பார்த்தாள், யொஹானேயிடம் ஏதோ கேட்டாள்.

"என்னன்னு கேக்கறாங்க?" என்றான் அர்த்தனாரி.

"பையன் யாரு வீட்டுப் புள்ளைன்னு கேக்கறாங்கண்ணா. நம்ம அக்கா புள்ளைன்னு சொன்னேன். அப்பறம் ஏன் இன்னும் அக்காளுக்கு வூடு கட்டலைன்னு கேக்கறாங்க."

பேய் என்று யாரும் ஓடவில்லை, பாதிரியாரைக் கூட்டிவரவும் இல்லை. ஒரு புள்ளை வந்திருக்கிறான், அவனுடைய அம்மாவும் வந்திருக்கிறாள், தங்க இடம் வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. மூங்கில் நட்டு, புல் வேய்ந்து, குழியை ஒட்டி ஒரு குடிசை போட்டார்கள். பாய் கொண்டுவந்தார்கள், மாவு கொண்டுவந்தார்கள். கோழிக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து, அது கீச்சுக் கீச்சென்று கத்துவது அவனுக்குக் கேட்கட்டும் என்று குழியோரமாகக் கட்டிவிட்டுப் போனாள் ஒருத்தி.

அர்த்தனாரி மட்டும் மறுநாள் வெல்டிங் தகட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஏம்புள்ள, மூடோணும். தெறந்து கெடந்தா..."

"மூடுங்க. எம்மேல வெச்சு மூடுங்க. அன்னிக்கு மூட வேண்டியத மூடல, இன்னிக்குத்தான் நெனப்பு வந்துதா?"

மலாவி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. அர்த்தனாரி அந்த ஊரில் சிலுவை வைத்த வேதக்கோயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு குழி போட்டான், அதில் தண்ணி பீய்ச்சிக்கொண்டு வந்தது, கைப்பம்பு மாட்டினார்கள், ஊர் கைதட்டியது. முதலாளி போன்மேல் போன் போட்டார். வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பியது. பாவாயி கிளம்பவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் கபங்காவில் இருந்தாள். தீரன் அந்த ஊர்ப் புள்ளையாகவே வளர்ந்தான் என்று சொல்ல வேண்டும், வளர்ந்தான் என்றால் உயரத்தில் இல்லை, பேச்சில். காலையில் காட்டுக்குப் போகிற பெண்கள் குழியோரம் குனிந்து, தூங்கினாயா என்று கேட்டுவிட்டுப் போவார்கள், அவன் தூங்கினேன், நீங்கள் தூங்கினீர்களா என்று அந்தப் பாஷையிலேயே மரியாதையாகச் சொல்லுவான். அவன் ஒன்று இரண்டு சொல்லக் கற்றான், ஏழுக்குப் பிறகு எப்போதும் ஒன்பது சொல்வான், மேலே இருக்கிற புள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பந்து விளையாடுகிற பையன்கள் யார் கோல் போட்டான் என்று குழிக்குள் கத்திச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். சாமி கும்பிடுகிற நாளில் வேதக்கோயில்காரர்கள் பாட்டை இங்கே வந்து ஒருமுறை பாடிவிட்டுத்தான் அங்கே போய்ப் பாடினார்கள்.

ஒன்றைப் பாவாயி கவனித்தாள், ஆனால் யோசிக்கவில்லை. அந்த ஊரில் ஐந்து வயசுப் புள்ளையைக்கூட முதுகில் துணியால் கட்டிக்கொண்டுதான் பெண்கள் வேலை செய்தார்கள். கால் தரையைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்த பையனைச் சுமந்துகொண்டு களை கொத்தினார்கள், தண்ணிக்குப் போனார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். இந்த ஊரில் புள்ளைகளுக்கு ரொம்பத்தான் செல்லம் என்று நினைத்துக்கொண்டாள்.

போன வருஷ மழையில் ஆற்றுத் தண்ணியைக் குடித்து அந்த ஊரில் பல வீட்டுப் புள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்திருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் ஒவ்வொருத்தியாக, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, குழியோரம் மண்டியிட வந்தார்கள். நாபண்டாவும் வந்தாள், அவளுக்கும் ஒரு பெண் போயிருந்தது. கழுத்தில் சிவப்பு மணி போட்ட புள்ளை அங்கே இருக்கிறாளா என்று கேட்டாள். தீரன் சொன்னான்:

"இங்க யாருமில்லீங்க. நாமட்டும்தான் இருக்கறேன்."

நாபண்டா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னான், அதற்கடுத்தவளுக்கும் அதைத்தான். எல்லாரும் அழுகிறதைக் கேட்டுக் கேட்டுப் புள்ளைக்கு என்ன தோன்றியதோ, பிறகு வந்தவளிடம், ஆமா, இருக்கிறான், சோறு தின்னான் என்று சொன்னான். அவள் சந்தோஷமாக ஓடினாள். பாவாயி குழியோரம் குனிந்தாள்.

"சாமி, பொய் சொல்லலாமா?"

"அவங்க அழுவறாங்கல்ல. அம்மா, நெசமா யாராச்சும் வந்தா நல்லாருக்கும். வெளயாட ஆளே இல்ல."

பள்ளிக்கூட லீவில் அர்த்தனாரி யாழ்மொழியைக் கொண்டுவந்து விட்டான். பெண் இளைத்திருந்தாள், கையில் எண்ணெய் தெறித்த தழும்பு. வண்டிக்காரர்களுக்கு அவள்தான் இப்போது சமைக்கிறாள் என்று பாவாயிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தம்பிகிட்டப் பேசு கண்ணு. உன்னத்தான் கேட்டுட்டே இருக்கறான்."

யாழ்மொழி குடிசை வாசலிலேயே நின்றாள். உள்ளேயிருந்து தீரன் அக்கா, அக்கா என்றான். அவள் வாயைத் திறந்து, "தீரு" என்றாள்.

"இது யாரும்மா? இது எங்கக்கா கொரல் இல்ல. எங்கக்கா சின்னப்புள்ள."

பெண் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை.

"அம்மா, அதை மூடிருங்க."

"உன்ர தம்பிடி அவன்!"

"அன்னிக்கு நாந்தான் பக்கத்துல இருந்தேன். சாக்கு மேல போகாதேடான்னு சொல்றதுக்குள்ள போயிட்டான். தெனமும் அவன் போறான்மா, தெனமும் நான் சொல்லாம விட்டர்றேன். நீங்க ஒரு வாட்டியாச்சும் என்னைக் கேட்டீங்களா, சாப்டியா, தூங்குனியான்னு? அந்த ஓட்டைக்குள்ள தல வெச்சுப் படுத்துக்கறீங்க. நானு மேல இருக்கறேன்மா."

அன்று சாயங்காலமே அப்பனோடு வண்டியேறிப் போய்விட்டாள். பாவாயி அவள் போன பிறகும் குழியோரம்தான் படுத்தாள், ஆனால் காது வண்டிச் சத்தத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

மழை வலுத்தது. குடிசையின் புல்லுக்குள் புகுந்து தண்ணி குழிமேல் சொட்டத் தொடங்கியது. "அம்மா, தலமேல சொட்டுதும்மா, குளுருது" என்றான் தீரன். அவளுக்குப் பொறுக்கவில்லை. மாவு வந்த சாக்கு ஒன்று கிடந்தது. அதை இரண்டாக மடித்துக் குழி வாய்மேல் விரித்தாள். காற்றில் பறக்கக்கூடாதே என்று நாலு கல்லைப் பொறுக்கி வந்து நாலு ஓரத்திலும் வைத்தாள். வைக்கிறபோது கை என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. புள்ளை நனையக்கூடாது, அது ஒன்றுதான் தெரிந்தது.

மழை சற்று விட்டிருந்த ஒரு முற்பகலில் பாவாயி நாபண்டா வீட்டுக்கு அடுப்பு நெருப்பு வாங்கப் போனாள். நாபண்டா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைசிப் பெண் தோக்கோ, நடக்கப் பழகி இன்னும் தள்ளாடுகிற குட்டி, அம்மா குனிந்த நேரத்தில் முதுகுத் துணி நெகிழ்ந்து இறங்கியிருந்தது. எங்கே காணோம் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தபோது, மாமரத்துப் பக்கமிருந்து தீரனுடைய குரல், சந்தோஷம் பொங்கின குரல்.

"வா பாப்பா! வா வா! இங்க எடம் இருக்குது வா!"

பாவாயி ஓடினாள். அவள் வாழ்நாளில் அப்படி ஓடினதில்லை. அன்றைக்கு ஓட வேண்டியதையும் சேர்த்து ஓடினாள். குடிசைக்குள் தோக்கோ சாக்கின்மேல் நின்றுகொண்டிருந்தது. சாக்கு நடுவில் குழிந்து, கல் நாலும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு கால் தொடை வரைக்கும் உள்ளே போயிருந்தது. புள்ளை பயப்படவில்லை, சிரித்துக்கொண்டிருந்தது, கீழே யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி. பாவாயி தலைமயிரைப் பிடித்தாளோ கையைப் பிடித்தாளோ, இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் விழுந்தாள். சாக்கும் கல்லும் உள்ளே போயின. வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

"ச்சே. சாக்குதாம்மா வந்துச்சு."

நாபண்டா வந்து தன் புள்ளையை வாங்கிக்கொண்டாள். சேற்றைத் துடைத்தாள். முதுகில் போட்டுத் துணியை இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டாள். திட்டவில்லை. நின்று மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, நெருப்பு வாங்காமல் வந்துவிட்டாயே, எடுத்துப்போ என்றாள். அப்போதுதான் பாவாயி ஊரைப் பார்த்தாள், தரையைப் பார்க்காமல் நிமிர்ந்து பார்த்தாள். காட்டிலும் ரோட்டிலும் பம்படியிலும் ஒவ்வொரு பெண்ணின் முதுகிலும் வளர்ந்த புள்ளைகள். சுமை தாங்காமல் வளைந்த இடுப்புகள். செல்லமில்லை அது.

"எப்பலேர்ந்து இப்படிச் சொமக்கறீங்க?" அந்த ஊர்ப் பாஷை இப்போது அவளுக்கும் வந்திருந்தது, திக்கித் திக்கிக் கேட்டாள்.

"உன் மகன் வந்த நாளிலிருந்து."

"ஏன் சொல்லல? மூடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

நாபண்டா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "உன் மகன் எங்கள் ஊருக்கு வந்த விருந்தாளி. விருந்தாளியைப் போ என்று எப்படிச் சொல்வது? முதுகுதான் வலிக்கிறது" என்றாள்.

பாவாயி யொஹானேக்குப் போன் போட்டாள். அண்ணனைத் தகட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லு, யாழ்மொழியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு, அவ்வளவுதான் சொன்னாள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில், நிழல் காலடியில் கிடந்தது. மழை முடிந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெல்டிங் வேலை வெளிச்சத்தில்தான் ஆகும், புள்ளை தூங்கட்டும் என்று பொழுது சாயக் காத்திருக்க முடியாது. பாவாயி நாபண்டாவின் காதில் ஒன்று கேட்டாள். நாபண்டா தலையாட்டினாள், ஊருக்குள் போனாள். பிறகு அந்த ஊர் செய்ததை நேரில் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். பட்டப்பகலில் கபங்கா ராத்திரியானது. சேவல்களைப் பிடித்துக் கூடையில் போட்டுக் கவிழ்த்தார்கள். பம்பு அடிக்கிறதை நிறுத்தினார்கள். ஆடுகளின் வாயில் தழையைத் திணித்தார்கள். பந்து விளையாடிய பையன்கள் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றார்கள். ராத்திரிப் பூச்சி கத்துகிற மாதிரி நாலு பெண்கள் நாக்கால் சத்தம் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராகக் குழியண்டை வந்து, தூங்கு, காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, பூனை மாதிரிப் பாதம் வைத்துப் போனார்கள்.

கடைசியில் யாழ்மொழி வந்தாள். குனிந்து, சின்னப் புள்ளையில் பேசின அந்தக் கீச்சுக் குரலை எங்கிருந்தோ தேடி எடுத்து, "தீரு, நான் அக்கா. வெளயாண்டது போதும்டா. ராத்திரியாயிருச்சு" என்றாள்.

"அக்கா! எங்கக்கா! சரி, நாளைக்கி வெளயாடலாமா?"

"வெளயாடலாம்டா. சாக்கு மேல மட்டும் போகாத."

"போமாட்டேன்."

பாவாயி கன்னத்தைக் குழிவாயில் வைத்தாள்.

"சாமி, அம்மா வெளக்க அணைக்கறேன். கண்ண மூடிக்கோ."

"நீ பக்கத்துல படுத்துக்குவயாம்மா?"

"படுத்துக்குவேன்."

"விடிஞ்சா எழுப்புவயா?"

அவள் கன்னத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அர்த்தனாரி தகட்டை இறக்கினான். வெல்டிங் பொறி பறந்தது, பகல் வெளிச்சத்தில் அது மின்மினி அளவுக்குத்தான் தெரிந்தது. சுற்றிலும் அடித்து முடித்ததும், வழக்கம்போல மேலே ஏறிக் குதிக்கப் போனவனைப் பாவாயி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாங்க. தூங்கறான்."

கொஞ்ச நேரம் கழித்து, ஊரில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. புள்ளைகள் முதுகிலிருந்து இறங்கி, காலை மண்ணில் ஊன்றி, நிற்கத் தெரியாதவர்கள் மாதிரித் தள்ளாடின.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ஒட்டுக்காகச் சேர்ந்தேதான் இருந்தது. லீவு நாளில் வண்டி எந்த ஊருக்குப் போனாலும் பாவாயியும் யாழ்மொழியும் கூடப் போனார்கள். பாவாயி மகளுடைய கைத் தழும்புக்கு எண்ணெய் தடவினாள், அவள் சாப்பிடுகிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள், சாப்பிட்டாயா என்று அதற்குப் பிறகும் கேட்டாள். கபங்காவைத் தாண்டி இன்னும் வடக்கே, ஏரிப் பக்கத்து ஊர் ஒன்றில், அர்த்தனாரி கையில் தேங்காய் எழுந்து நின்றது, குத்துக்கல் மாதிரி. அவன் மகளைப் பார்த்தான், மகள் அம்மாவைப் பார்த்தாள். குழி போட்டார்கள். நல்ல தண்ணி, இரண்டு இஞ்சு தண்ணி. ஊர் ஜனம் குலவையிட்டது. ராடுகளை மேலே இழுத்தார்கள், கம்ப்ரஸரை அணைத்தார்கள், யொஹானே பம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பாதி வழியில் அப்படியே நின்றான்.

"அம்மா," என்றது குழி, தூக்கம் கலையாத குரலில். "விடிஞ்சிருச்சா?"

அந்த ஊர்ப் பெண்களுக்கும் அம்மா என்ற வார்த்தை புரிந்தது. புதுப் புள்ளை வந்திருக்கிறான் என்று அவர்கள் முகம் மலர்ந்தது. மலர்ந்தபடியே, யாரும் சொல்லாமலே, ஒவ்வொருத்தியும் குனிந்து தன் புள்ளையைத் தூக்கி முதுகில் வைத்து, துணியைச் சுற்றி முடிச்சுப் போடத் தொடங்கினாள்.

பாவாயி அந்த முடிச்சுகளைப் பார்த்தாள். உச்சியில் சூரியன் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கையால் யாழ்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு, குழியோரம் குனிந்தாள்.

"இன்னும் விடியல சாமி," என்றாள். "தூங்கு."

இன்னொரு கையை நீட்டி, பம்பைக் கொண்டுவந்து குழிமேல் மாட்டச் சொல்லி யொஹானேக்குச் சைகை காட்டினாள்.